இரண்டு தெரு வீடு

உடனே கூப்பிட்டுவிடவில்லை.
கேஸ் பில்லின் பின்பக்கம் முத்துராக்கு எழுதித் தந்த நம்பர்
பதினோரு நாள் சட்டைப்பையில் கிடந்து
ஒருமுறை துவைபட்டு
கடைசி எண் ஒன்றா ஏழா தெரியாமல் போனது.
ஒன்று போட்டேன், தேவகோட்டையில் ஒரு தையல்காரர் எடுத்தார்.
ஏழு போட்டேன்.
"செவ்வாய், ராத்திரி ஏழு. பள்ளத்தூர் பெரி.சித. வீடு. வந்துருங்க."
எத்தனை வருஷமாக, எவ்வளவு,
ஒன்றும் கேட்கவில்லை அந்தக் குரல்.
டாஸ்மாக் வாசலில் நின்றுதான் பேசினேன்.
அதற்கும் கேட்டிருக்கும்,
உள்ளே ஒருவன் மீதிச் சில்லறைக்குக் கத்திக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருஷமாக இந்த ஊர்களுக்கு சிலிண்டர் போடுகிறேன்.
புதுவயல், கோட்டையூர், கானாடுகாத்தான்,
எந்த வீட்டில் எந்த நாய், எந்த அடுப்பில் எந்த பர்னர் அடைப்பு,
கேட்டால் சொல்வேன்.
பெரி.சித. வீடும் தெரியும்.
ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் அடுப்படி,
நடுவே ஆளில்லாத எண்பது தூண்.

அன்று இஸ்திரிச் சட்டை.
தோளில் பாரம் இல்லாமல் நடக்கத் தெரியவில்லை,
ஒரு பக்கம் சாய்ந்தே போய்
முகப்பு வாசலில் நின்றேன்.
பூட்டு. என் கை அகலத்துக்குப் பூட்டு.
நிலைக்கு மேலே கஜலட்சுமி
இரண்டு யானைகளோடு வேறெங்கோ பார்த்தாள்.
ஏழேகால். ஏழரை.
எதிர்வீட்டு டிவியில் ஒரு தொடர் முடிந்து இன்னொன்று தொடங்கியது.
சரி, இன்றைக்கு இல்லை போல.
அப்படி நினைத்ததும் ஒரு சந்தோஷம் வந்தது,
அதை மறைக்க மாட்டேன்.
கடை பத்து மணி வரை.

வண்டியைத் திருப்பினேன்.
பழக்கம், அது பின்தெருவுக்குள் நுழைந்தது.
அங்கே வாசலில் செருப்புகள், பத்துப் பன்னிரண்டு ஜோடி,
அதில் ஒரு பொம்பளைச் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியது.
நான் சிலிண்டர் உருட்டுகிற அதே கதவு.
நான் இறக்கி இறக்கி விளிம்பு உடைந்த அதே படி.
சிரித்துவிட்டேன், சத்தமாகவே.
ஒருவர் எட்டிப் பார்த்தார்.
"கேஸ் யாரும் சொல்லலையேப்பா?"
"கேஸ் இல்லீங்க," என்றேன்.
அதற்கு மேல் வரவில்லை.
அவர் கொஞ்சம் நகர்ந்து நின்றார்,
ஓர் ஆள் நுழையும் அளவுக்கு.

கரி ஏறிய சுவர். குண்டு பல்பு.
ஆட்டுக்கல்மேல் ஒரு பெரிய மீசை உட்கார்ந்திருந்தது.
ஊக்குச் செருப்புக்காரி பேசிக்கொண்டிருந்தாள்:
கல்யாணச் சமையலுக்குப் போன இடத்தில்
ரசத் தூக்குக்குள் ஒளித்துவைத்தது,
பந்தியில் அதையே ஊற்றப் பார்த்தது.
யாரும் உச் கொட்டவில்லை.
இரண்டு பேர் சிரித்தார்கள், அவளும்.

காலி சிலிண்டர் என்பார்கள்.
தூக்குகிறவனுக்குத் தெரியும்,
காலிக்கே பதினைந்து கிலோ.

என் முறை வந்தது. பெயர் மட்டும் சொன்னேன்,
அதையும் ஏஜென்சியில் சொல்கிற மாதிரி:
"அடைக்கலம், வண்டி நம்பர் நாலு."
"வாங்க நாலு," என்றார் கதவருகில் இருந்தவர்.
டீயில் சர்க்கரை அதிகம். இரண்டு குடித்தேன்.
ராத்திரி தூக்கம் வரவில்லை,
கை நடுங்கியது, முத்துராக்கு விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் அணைத்தாள்.

வியாழக்கிழமை கோட்டையூரில் ஒரு ரீஃபில்.
கதவைத் திறந்தது அந்த மீசை.
பின்னால் அவர் வீட்டம்மா.
இருவரும் யாரோ போல இருந்தோம்.
வாஷர் பார்த்தேன், சோப்புத் தண்ணீர் தடவினேன்,
குமிழ் வரவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
வழக்கமாகத் தரும் ஐம்பது ரூபாயை எடுத்தார்,
பார்த்தார்,
மடித்து மறுபடி பைக்குள் வைத்துவிட்டு
மோர் கொண்டுவரச் சொன்னார்.
அந்தம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தது.

உப்பு கொஞ்சம் தூக்கல்.
நின்றபடியே முழுசும் குடித்தேன்.